பத்தாம் வகுப்புவரை யாரும் படிக்காத நோட்டு

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் 'காட்சியைக் கண்டு கவினுற எழுதுக' என்று ஒரு கேள்வி வரும். ஒரு படம் கொடுத்திருப்பார்கள். மரக்கன்று நடும் பிள்ளைகள், ஏர் ஓட்டும் உழவர் என்று ஏதாவது ஒன்று. பார்த்ததும் மனதில் தோன்றுவதைச் சொந்தமாகச் சில வரிகள் எழுத வேண்டும். அந்த வினாத்தாளில் பிள்ளையின் சொந்தச் சொல்லுக்கென்றே ஒதுக்கிய இடம் அது. ஆனால் பல பள்ளிகளில் அந்தக் கேள்விக்கு ஒரே கவிதையை மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். எந்தப் படம் வந்தாலும் பொருந்தும்படி கட்டிய ஏழெட்டு வரிகள். கைடில் இருக்கிறது, வாட்ஸ்அப்பில் சுற்றும் 'ஸ்லோ லேர்னர் மெட்டீரிய'லில் இருக்கிறது. படத்தைப் பார்க்காமலே எழுதிவிட்டு வரலாம்.

அப்படி மனப்பாடம் செய்ய வைக்கும் தமிழாசிரியரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஜனவரி மாதத்தில் அவர் கையில் நாற்பது பேர். அதில் பத்துப் பேருக்காவது சொந்தமாக ஒரு வாக்கியம் அமைக்க வராது. தேர்ச்சி விழுக்காடு ஏன் குறைந்தது என்று கேட்க மேலே ஆள் இருக்கிறது. 35 மதிப்பெண்ணுக்கு வழி காட்டத்தான் அவருக்கு நேரம் இருக்கிறது. எழுதக் கற்றுக்கொடுக்க வேண்டிய ஒன்பது வருடம் அவர் கைக்கு வருவதற்கு முன்பே போய்விட்டது. அந்த ஒன்பது வருடத்தில் இந்தப் பிள்ளையின் எழுத்தை யார் படித்தார்கள் என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனின் கட்டுரை நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். 'மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்' என்று ஒரு கட்டுரை. முன்னுரை, பொருளுரை, முடிவுரை எல்லாம் இருந்தன. எழுத்து குண்டு குண்டாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது. கீழே சிவப்பு மையில் ஒரு டிக், தேதி, சுருக்கொப்பம். கரும்பலகையில் எழுதிப் போட்டதைப் பார்த்து எழுதியது என்று அவனே சொன்னான். நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் வேறு ஒன்று எழுதியிருந்தான்:

'நேத்து மழ வந்துசு ஆடு கத்துசு நான் கொட்டாயில கட்டுனென் குட்டிய காணொம் அப்பா திட்னாரு'

இந்தப் பக்கத்தில் சிவப்பு மை இல்லை. யாரும் இதைப் பார்த்ததாகவே தெரியவில்லை. நான் நெடுநேரம் பார்த்தேன். 'கட்டுனென்', 'காணொம்' இரண்டிலும் நெடில் வர வேண்டிய இடத்தில் குறில் வந்திருக்கிறது. ஒற்றைச் சுழிக் கொம்புக்கும் இரட்டைச் சுழிக் கொம்புக்கும் உள்ள வேறுபாடு அவனுக்குப் பிடிபடவில்லை. 'வந்துச்சு' என்பதில் ச் விழுந்துவிட்டது. முற்றுப்புள்ளி எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எல்லாம் பேச்சு வழக்கு. பிழை என்று எண்ணினால் இவ்வளவுதான். இதற்கு எதிர்ப்பக்கத்தில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். ஐந்து நிகழ்ச்சிகளை நடந்த வரிசையில் சொல்லியிருக்கிறான். ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கிறது. குட்டி தொலைந்துபோன பதற்றமும், திட்டு வாங்கிய வருத்தமும் அந்த ஒரு வரிக்குள் இருக்கின்றன. எழுதக் கற்பிப்பதை இந்தப் பக்கத்திலிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும். நெடிலுக்கு ஒரு வாரம், ஒற்று மிகுவதற்கு ஒரு வாரம், எங்கே நிறுத்துவது என்பதற்கு இரண்டு நாள், 'திட்னாரு' என்பதை 'திட்டினார்' என்று மாற்றி எழுதச் சில வாரங்கள். ஆள் வைத்துச் செய்தால் ஒரு பருவத்துக்குள் முடிகிற வேலை. மரம் வளர்ப்போம் கட்டுரைக்கு டிக் போட்டதால் அவனுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. பார்த்து எழுதுவது கைக்குப் பயிற்சி. வாக்கியம் அமைக்க அதில் எதுவும் கற்றுக்கொள்ள முடியாது.

தமிழ் எழுதக் கற்கும் குழந்தைக்கு உள்ள சிரமங்கள் தமிழுக்கே உரியவை. 'கெ' என்று சொல்லும்போது காதில் முதலில் விழுவது க். கை முதலில் போட வேண்டியது கொம்பு. 'கோ' என்றால் எழுத்துக்கு இரண்டு பக்கமும் குறி போட வேண்டும். ஆறு வயதுப் பிள்ளை ஒலியின் வரிசையிலேயே எழுதப் பார்த்துத் தடுமாறுவது இயல்பு. ல, ள, ழ மூன்றையும் ஒரே மாதிரி ஒலிக்கும் ஊரில் பிறந்த பிள்ளைக்குச் 'சொல்வதை எழுதுதல்' நடத்தினால், காது எந்த உதவியும் செய்யாது. அந்தச் சொல்லைக் கண்ணால் பலமுறை பார்த்திருந்தால்தான் சரியாக வரும். ர, ற சிக்கலும் ந, ன, ண சிக்கலும் அப்படியே. இவற்றுக்கு மேல் பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள தூரம். வீட்டில் 'வந்தாங்க', நோட்டில் 'வந்தார்கள்'. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதுவோ இருளர் மொழியோ பேசும் பிள்ளைக்கு இந்தத் தூரம் இன்னும் கூடுதல். திருப்பூரில் பின்னலாடை வேலைக்கு வந்த பீகார், ஒடிசா குடும்பங்களின் பிள்ளைகளும் நம் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்புவரை தமிழைக் கட்டாயமாக்கியது. அது சரியான சட்டம். தமிழை வீட்டில் கேட்காத குழந்தைக்குத் தமிழ் எழுதக் கற்றுக்கொடுக்கும் தனிப் பயிற்சியை ஆசிரியருக்குத் தருவதும் அந்தச் சட்டத்தின் கடன்தான். அந்தக் கடனை நாம் இன்னும் தீர்க்கவில்லை.

இந்தச் சிரமம் எத்தனை பிள்ளைகளுக்கு இருக்கிறது என்பதற்கான கணக்கு நம்மிடம் ஏன் இல்லை? எழுத்தை யாரும் அளப்பதில்லை என்பதுதான் காரணம். கிராமங்களில் வீடு வீடாகப் போகும் 'ஏசர்' கல்வி ஆய்வுக் குழுவினர் பார்ப்பது வாசிப்பும் கணக்கும். 2022-ஆம் ஆண்டு அறிக்கையில், தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் மூன்றாம் வகுப்பில் படிப்பவர்களில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை என்று வந்தபோது மாநிலமே பேசியது. எழுத்துக்கு அப்படி ஒரு எண்ணே இல்லை. ஆகவே பேச்சும் இல்லை. 2021 நவம்பரில் நடந்த தேசிய அடைவுத் தேர்வும், 2024 டிசம்பரில் நடந்த 'பரக்' கணக்கெடுப்பும் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வுகள். வட்டத்தைக் கருப்பாக்கினால் போதும். ஒரு பிள்ளை தன் தாய்மொழியில் ஐந்து வரி சொந்தமாக எழுதுமா என்று அரசு முதன்முதலில் கேட்பது பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில். அப்போது அவனுக்குப் பதினைந்து வயது.

'எண்ணும் எழுத்தும்' திட்டத்தை மறந்துவிட்டு இதைச் சொல்லவில்லை. 2022 ஜூனில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை தொடங்கி, அடுத்த ஆண்டு நான்கு, ஐந்துக்கும் விரித்தார்கள். ஒரே வகுப்பில் இருக்கும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரித்துச் சொல்லிக்கொடுப்பது நல்ல முறை. ஆட்டுக்குட்டிப் பையனைப் போன்றவர்களைக் கண்டுபிடிக்க அது உதவும். ஆனால் அந்தத் திட்டம் வந்த தேதியையும் கொரோனாவையும் சேர்த்துப் பாருங்கள். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரை திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. 2020-21-இல் மூன்றாம் வகுப்பில் இருக்க வேண்டிய பிள்ளைகள் எழுத்து உறுதிப்படும் வயதை வீட்டிலேயே கழித்தார்கள். திட்டம் தொடங்கியபோது அவர்கள் ஐந்தாம் வகுப்பு. அவர்களுக்கு அது இல்லை. ஐந்தாம் வகுப்புக்குத் திட்டம் வந்தபோது அவர்கள் ஆறாம் வகுப்பு. 'இல்லம் தேடிக் கல்வி'யில் தன்னார்வலர்கள் மாலையில் சொல்லிக்கொடுத்தது மட்டும்தான் இடையில் கிடைத்தது. 2025-26-இல் எட்டாம் வகுப்பில் இருக்கும் இவர்கள் 2028-இல் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுவார்கள். ஆறாம் வகுப்பிலும் அதற்கு மேலும் இருப்பவர்களுக்காக இப்போது 'திறன்' திட்டம் வந்திருக்கிறது. தாமதமானாலும் வரவேற்க வேண்டியது. அதிலாவது பிள்ளையின் சொந்த எழுத்தை முன்னேற்றத்தின் அளவுகோலாக வைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இதுவரை சொன்னது, கற்றுக்கொடுத்தால் எழுதிவிடும் பிள்ளைகளைப் பற்றி. இன்னொரு வகைப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் படும் துன்பம் இதைவிட அதிகம், ஏனென்றால் அவர்களுக்குச் சோம்பேறி என்று பெயர்.

ஒரு தாய் தலைமையாசிரியரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "ஸார், வாயில கேளுங்க, இவன் எல்லாத்தையும் ஒப்பிச்சிருவான். பேப்பர்ல உக்காந்தா கை ஓட மாட்டேங்குது. நாலு வரி எழுதுறதுக்குள்ள விரல் வலிக்குதுங்கறான்."

"பயிற்சி பத்தாதும்மா. தினமும் ரெண்டு பக்கம் கையெழுத்து எழுத வைங்க" என்றார் தலைமையாசிரியர். அவர் நல்ல மனிதர். அந்தப் பையன்மேல் அக்கறை உள்ளவர். ஆனால் அவர் சொன்ன மருந்து அந்த நோய்க்கு இல்லை.

வாயால் நன்றாகச் சொல்லும் பிள்ளை எழுதும்போது மட்டும் திணறுவது, பென்சிலை உடைத்துவிடுவதுபோல் இறுக்கிப் பிடிப்பது, எழுத்துகள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாகக் கோட்டைவிட்டு ஏறி இறங்குவது, கரும்பலகையைப் பார்த்து எழுத மற்றவர்களைவிட இரண்டு மடங்கு நேரம் ஆவது, சில நிமிடங்களிலேயே கை சோர்ந்துபோவது. இவையெல்லாம் சேர்ந்து மாதக்கணக்கில் தொடர்ந்தால், அது டிஸ்கிராபியா எனப்படும் எழுதுதல் குறைபாடாக இருக்கலாம். கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியவர் அதற்கான பயிற்சி பெற்றவர். இந்தப் பிள்ளைக்கு இம்போசிஷன் கொடுப்பது, கால் ஊனமானவரை மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவதற்குச் சமம்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டை 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. அந்தச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, இந்தக் குறைபாட்டைக் கூடிய விரைவில் கண்டறிந்து அதற்கேற்பக் கற்பிக்க வேண்டிய பொறுப்பைக் கல்வி நிறுவனங்களிடம் வைக்கிறது. 17-ஆவது பிரிவு, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பள்ளிப் பிள்ளைகளிடையே கணக்கெடுப்பு நடத்தச் சொல்கிறது. எழுதுவதில் குறைபாடு உள்ளவருக்கு நீதிமன்றமும் துணை நின்றிருக்கிறது. பேனா பிடித்தால் கை இழுத்துக்கொள்ளும் கோளாறு உள்ள விகாஷ் குமார் என்ற மருத்துவப் பட்டதாரிக்குக் குடிமைப் பணித் தேர்வில் உதவியாளர் தர மறுத்தார்கள். 40 விழுக்காடு குறைபாடு என்ற சான்று இருந்தால்தான் உதவி என்பதில்லை என்று 2021 பிப்ரவரி 11-இல் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு ஒன்றிய அரசு அதற்கான வழிகாட்டுதலும் வெளியிட்டது. நம் பொதுத்தேர்விலும் கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்குச் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் உண்டு.

சலுகை இருக்கிறது; அது போய்ச் சேரும் பாதைதான் அடைபட்டுக் கிடக்கிறது. சென்னையில் படித்த பெற்றோருக்கு விவரம் தெரிகிறது, மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் போன்ற அமைப்புகள் அருகில் இருக்கின்றன, உளவியலாளரிடம் காட்டப் பணம் இருக்கிறது. அரூரிலோ திருவாடானையிலோ உள்ள கூலித் தொழிலாளிக்கு இந்தக் குறைபாட்டின் பெயரே தெரியாது. யாராவது சொல்லித் தெரிந்தாலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போக வேண்டும். அன்று மருத்துவக் குழு கூடவில்லை என்றால் இன்னொரு நாள். 2018 ஜனவரியில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல் எட்டு வயதிலிருந்து சான்று தரலாம் என்றது. நம் ஊரில் அந்தச் சான்றை நினைத்துப் பார்ப்பது பத்தாம் வகுப்புக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்பும்போதுதான். நடுவில் போன ஏழு வருடத்தில் அந்தப் பிள்ளை வாங்கிய அடியும் வசவும் எந்தச் சான்றிலும் வராது.

சிறப்பாசிரியர்கள்தான் இதற்கு விடை. ஆனால் அவர்கள் வட்டார வள மையத்தில் தொகுப்பூதியத்தில் வேலை பார்க்கிறார்கள். ஒருவர் பல பள்ளிகளுக்குச் சுற்றிவர வேண்டும். தொடக்க நிலையில் சிறப்புத் தேவை உள்ள 10 பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் விகிதம் சொன்னது. அந்த விகிதம் நடைமுறையில் எங்கே இருக்கிறது என்று எந்த வட்டாரத்திலும் போய்க் கேட்கலாம். இவர்களின் சம்பளம் வருவது சமக்ர சிக்ஷா என்ற கல்வித் திட்டத்தின் நிதியில். பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் மாநில அரசு கையெழுத்திடவில்லை என்பதற்காக 2024-25-இல் அந்த நிதியில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. கொள்கைச் சண்டையை அரசுகள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளட்டும். அதற்குப் பிணையாகப் பேசவோ எழுதவோ முடியாத பிள்ளைகளை வைப்பது கொடுமை. ஒன்றியம் தராவிட்டாலும் இந்த ஒரு பணியையாவது மாநிலம் தன் சொந்த நிதியில் நிரந்தரமாக்க வேண்டும்.

ஆசிரியர் பக்கத்தையும் பேசிவிட வேண்டும். இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்பை நடத்தும் தொடக்கப் பள்ளிகள் நம் கிராமங்களில் ஏராளம். காலையில் துறையின் 'எமிஸ்' தகவல் தளத்தில் வருகைப் பதிவு, பிறகு ஏதோ ஒரு விவரம் கேட்டு வட்டாரத்திலிருந்து தகவல், மதியம் நலத்திட்டப் பொருள் வாங்க அலைச்சல். நாற்பது நோட்டைத் திருத்துவதென்றால் ஒரு நோட்டுக்கு மூன்று நிமிடம் வைத்தாலும் இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரம் எந்தக் கால அட்டவணையிலும் இல்லை. பார்வைக்கு வரும் அதிகாரி, நோட்டு எழுதி முடித்திருக்கிறதா, கையொப்பம் இருக்கிறதா என்று பார்க்கிறார். பிழை நிறைந்த சொந்த எழுத்து இருந்தால் ஆசிரியருக்குத்தான் கேள்வி வரும். அதனால் கரும்பலகையிலிருந்து பிழையில்லாமல் எடுத்து எழுத வைப்பது ஆசிரியருக்குப் பாதுகாப்பு. இந்தப் பயத்தை அதிகாரிகள்தான் நீக்க முடியும். சொந்தமாக எழுதிய பக்கம் எத்தனை என்று பார்வையின்போது கேட்கத் தொடங்கினால், ஒரே ஆண்டில் நோட்டுகளின் முகம் மாறும்.

எழுத்து தெரியாததன் விலை தேர்வோடு முடிவதில்லை. திங்கட்கிழமை எந்த மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனாலும் வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, குடிநீர் என்று வருகிறவர்கள் காசு கொடுத்துத் தங்கள் குறையை எழுதி வாங்குகிறார்கள். அவர்களில் பள்ளிக்கூடம் போகாத மூத்தவர்கள் மட்டும் இருந்தால் பரவாயில்லை. பத்தாவது முடித்த இளைஞர்களும் நிற்கிறார்கள். தரமற்ற உணவு தந்த விடுதிமீது நடவடிக்கை கேட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு எழுதும் கடிதத்தைப் பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்தவர்கள்தான் இவர்கள். தன் தெருவில் எரியாத விளக்கைப் பற்றி ஊராட்சிக்கு எழுத அவர்களுக்கு வரவில்லை.

பள்ளிக் கல்வித் துறை செய்ய வேண்டியது பெரும் செலவு பிடிக்கும் காரியம் இல்லை. மூன்றாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு முடிவில் ஒவ்வொரு பிள்ளையும் கொடுத்த தலைப்பில் சொந்தமாகப் பத்து வரி எழுதட்டும். மதிப்பெண் வேண்டாம், தேர்ச்சி, தோல்வி வேண்டாம். அந்தத் தாளை வேறு பள்ளி ஆசிரியர் ஒருவர் படித்து, பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று எழுதி வைக்கட்டும். வட்டாரவாரியாக அந்த விவரத்தைத் துறை வெளியிடட்டும். கால அட்டவணையில் நாளுக்கு ஒரு பாடவேளை எழுதுவதற்கு மட்டும் வேண்டும். அந்த நேரத்தில் கரும்பலகையில் எதையும் எழுதிப் போடக் கூடாது. முதல் வரைவைப் பேச்சு வழக்கில் எழுத அனுமதித்து, பிறகு அதை எழுத்து வழக்குக்கு மாற்றச் சொல்லிக்கொடுக்கலாம். திருத்தும்போது ஒரு வாரத்துக்கு ஒரு வகைப் பிழையை மட்டும் குறித்தால் போதும். சிவப்பு மையில் குளித்த நோட்டைப் பார்த்து எந்தப் பிள்ளையும் அடுத்த நாள் எழுத உட்காராது. கடைசிப் பக்கத்தில் பிள்ளை தானாக எழுதியதையும் ஆசிரியர் படிக்க வேண்டும். எமிஸ் பதிவை அதற்கென்று நியமித்த பணியாளரிடம் முழுவதுமாக ஒப்படைத்தால் இதற்கு நேரம் கிடைக்கும்.

பெற்றோரிடமும் ஒரு கருவி இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு உறுப்பினர்கள் பெற்றோர் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் விதி. அடுத்த கூட்டத்தில் உங்கள் பிள்ளையின் நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். இந்தப் பருவத்தில் பிள்ளைகள் சொந்தமாக எழுதியது எத்தனை பக்கம், எழுதச் சிரமப்படுகிறவர்கள் எத்தனை பேர், அவர்களைச் சிறப்பாசிரியர் கடைசியாகப் பார்த்தது எப்போது என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். பிள்ளை வாயால் சொல்வதைக் கையால் எழுத முடியவில்லை என்றால், சான்றுக்கான பரிசோதனைக்கு அனுப்பும்படி தலைமையாசிரியரிடம் எழுத்தில் கேளுங்கள்.

மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு கோரிக்கை உண்டு. கற்றல் குறைபாட்டுக்கான மருத்துவச் சான்று முகாமை மாவட்டத் தலைநகரில் நடத்தாமல் ஒவ்வொரு வட்டார வள மையத்திலும் நடத்த வேண்டும். குழந்தைகள் நல மருத்துவரும் உளவியலாளரும் அங்கே வர வேண்டும். பரிசோதனை தமிழிலேயே நடக்க வேண்டும். வரும் பிள்ளைக்கும் உடன் வரும் பெற்றோருக்கும் பயணப்படி தர வேண்டும். பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் தயாராகும் நேரம்வரை காத்திராமல், கல்வியாண்டு தொடங்கிய அடுத்த மாதமே, ஜூலையில் முதல் முகாம் நடக்க வேண்டும். அதில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள்தான் முதலில் உட்கார வேண்டும்.